நாக்கைக் கட்டியது யார், மச்சான்?

என் அன்புக்கும் கோபத்துக்கும் சரிபாதி உரிமையுள்ள கதிரேசன் மச்சானுக்கு,

மாணிக்கம் எழுதுகிறேன். செத்துப்போன ஆளுக்குக் கடிதம் எழுதுவது மூடத்தனம் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் பேச்சு உங்களோடுதான்.

போன மாதம் நம் தோட்டத்து முருகன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. மலாக்கா டவுனிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். சின்ன வயது. உங்களைப் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் உங்கள் கதையைச் சொன்னார்.

"இதே தோட்டத்துல முந்தி ஒரு வாத்தியார் இருந்தாரு. மனுசனைக் கடவுள் படைக்கல, குரங்குல இருந்து வந்தான்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு. டவுன்ல மேடை போட்டுக் கேட்டாங்க. வாயைத் திறந்தாரு, பேச்சு வரல. முருகன் நாக்கைக் கட்டிட்டான்!"

கூட்டம் 'அரோகரா' போட்டது. பெண்கள் பக்கத்தில் உங்கள் மருமகள், என் மகள் வள்ளி உட்கார்ந்திருந்தாள். கூட்டம் அடங்கும்வரை காத்திருந்து, எழுந்து நின்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் படிக்கிறவர்களுக்கு முன்கதை தெரியாதே. அதனால் முதலிலிருந்து வருகிறேன். நான் எங்காவது கூட்டிக் குறைத்துச் சொன்னால் இடைமறித்துத் திருத்த நீங்கள் இல்லை. அதுவே எனக்குப் பெரிய குறை.

ஜாசின் பக்கத்தில் நம் தோட்டம். நீங்கள் பள்ளிக்கூட வாத்தியார். நான் புகைக்கூட்டில் ரப்பர் ஷீட் காயவைக்கிறவன். உங்கள் தங்கை அஞ்சலையை எனக்குக் கட்டிவைத்த அன்று நீங்களும் நெற்றி நிறையத் திருநீறு பூசித்தான் நின்றீர்கள். பிறகு கப்பலில் ஊர்ப் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. சிங்கப்பூரிலிருந்து இங்கிலீஷ் புத்தகங்கள் வரவழைத்தீர்கள். ஒருநாள் நெற்றி வெறுமையாக வந்தீர்கள். அஞ்சலைதான் முதலில் கவனித்தாள். "அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள்.

அதுவரைக்கும் உங்களோடு போயிற்று. பிள்ளைகளைச் செர்காம் கடற்கரைக்குக் கூட்டிப் போனீர்களே, அன்றைக்குத்தான் ஊர்ப் பிரச்சினை ஆனது. தண்ணீர் வற்றிய நேரம். சேற்றின்மேல் ஒரு மீன், துடுப்பைக் கைபோல ஊன்றி ஊன்றி நடந்து போனது. மலாய்க்காரர்கள் அதைப் பெலாச்சாக் என்பார்கள். அதைக் காட்டிச் சொல்லியிருக்கிறீர்கள்: "பாத்தீங்களா? தண்ணியில இருந்தது ஒரு காலத்துல இப்படித்தான் கரையேறியிருக்கும். கோடிக்கணக்கான வருசம். அதுல இருந்து நாலு கால் உள்ளது, வால் உள்ளது, அப்புறம் வால் இல்லாத நாம."

அன்று சாயங்காலமே பெரிய கங்காணியின் மகன் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். "அப்பா, நம்ம தாத்தாவுக்குத் தாத்தாவுக்கு வால் இருந்துச்சாமே?"

தோட்டத்தில் ஆட்களைச் சேர்ப்பதும் அவர், அனுப்புவதும் அவர், கோயில் தலைவரும் அவர். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்து நின்றார்.

"வாத்தியாரே, என் பாட்டன் குரங்கா?"

"என் பாட்டனும்தான், கங்காணி."

மச்சான், வேறு எந்தப் பதில் சொல்லியிருந்தாலும் பிழைத்திருப்பீர்கள்.

எனக்கும் உங்கள் பேச்சு பிடிக்கவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். எத்தனை நாள் உங்களோடு மல்லுக்கட்டியிருப்பேன்! "குயவன் இல்லாம சட்டி வருமா மச்சான்? கண்ணுன்னு ஒண்ணு தானா எப்படி வரும்?" என்று கேட்பேன். "சட்டி குட்டி போடாது மாப்ளே. குட்டி போடுறது எதுவா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா மாறும்" என்பீர்கள். எனக்குப் பதில் வராது. ஆனால் பதில் வராததால் நம்பிக்கை போய்விடுமா? போகவில்லை. இன்றும் போகவில்லை.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஆட்களை ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை இருப்பவன் மூச்சுவிடக்கூடப் பயந்தான். அந்த நேரத்தில் கங்காணி தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் போனார். துரை தோட்டத்துக்குள் சண்டை வேண்டாம், வெளியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். டவுனில் ஒரு சங்கக் கட்டடத்தில் மேடை ஏற்பாடானது. சமயம் பேசுவதில் பேர்பெற்ற ஒருவர் அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். பதில் சொல்ல முடியாமல் போனால் நீங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட வேண்டும். நீங்கள் சரி என்று கைகொடுத்துவிட்டு வந்தீர்கள்.

மேடைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது வள்ளி பிறந்தாள்.

மருத்துவம் பார்த்தது காத்தாயி அக்கா. வெளியே நின்ற என்னைக் கைகாட்டி உள்ளே கூப்பிட்டார். பிள்ளையைக் குப்புறத் திருப்பிக் காட்டினார். முதுகெலும்பு முடிகிற இடத்தில் சுண்டுவிரல் போல ஒரு சதை தொங்கியது. பிள்ளை வீறிட்டபோது அது லேசாக அசைந்தது.

"தம்பி, இது அனுமாரு. கோயில்ல சொல்லிருவோம்" என்று கும்பிட்டார் அக்கா.

பாயில் கிடந்த அஞ்சலை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கோயில்ல சொன்னா பிள்ளை என்கிட்ட இருக்காது. சாமின்னு தூக்கிட்டுப் போயிருவாங்க. இல்லாட்டி எங்கண்ணன் பேசின பேச்சுக்குச் சாமி குடுத்த தண்டனைன்னு காறித் துப்புவாங்க. எதுவும் வேணாங்கா. ஒங்க பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணுங்க."

காத்தாயி அக்கா சத்தியம் பண்ணினார். சாகும்வரை காப்பாற்றவும் செய்தார்.

அடுத்து நீங்கள் வந்தீர்கள். உங்களிடம் மறைக்க அஞ்சலைக்கு மனம் வரவில்லை. துணியை விலக்கிக் காட்டினாள். மச்சான், அன்று உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாக உங்கள்மேல் பயம் வந்தது. மண்ணைத் தோண்டியவனுக்குப் புதையல் அகப்பட்டால் எப்படிப் பார்ப்பான்? அப்படிப் பார்த்தீர்கள். கிட்டே குனிந்தீர்கள்.

"மாப்ளே, டவுன்ல போட்டோ பிடிக்கிற சீனர் ஒருத்தர் இருக்காரு. ஒரே ஒரு படம். முகம் தெரியாமப் பிடிச்சுக்கலாம்" என்றீர்கள்.

காற்றுக் கருப்பு அண்டாமல் இருக்கப் பாயடியில் ஒரு கத்தி வைத்திருந்தோம். அஞ்சலை அதை எடுத்துக்கொண்டாள். பிள்ளை பெற்ற உடம்பு, எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்: "இன்னும் ஒரு அடி கிட்ட வந்தீங்க, அண்ணன்னு பாக்க மாட்டேன்."

இதை எழுதும்போது அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள். "நான் கத்தி எடுத்ததை எழுதிட்டீங்களா? விட்டுறாதீங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

நீங்கள் வெளியேறினீர்கள். அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நீங்கள் வராதது எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது. எங்கே, யாரிடம், என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்களோ?

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் ரகசியம் வைப்பது எப்படி என்று தெரியுமல்லவா? தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள். பிள்ளையைக் குளிப்பாட்ட வந்த பெண்களை அஞ்சலை உள்ளே விடவில்லை. கங்காணி சம்சாரம் சர்க்கரையோடு வந்து, "ஒரு தடவை தூக்கிப் பாக்கறேன்டி" என்று கை நீட்டினார். அஞ்சலை பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு தரவே மாட்டேன் என்றாள். அன்றோடு பேச்சுக் கிளம்பியது. வாத்தியார் தங்கச்சி பிள்ளைக்கு ஏதோ குறையாம். கண் இல்லையாம். விரல் ஒட்டிப் பிறந்திருக்காம். ஒவ்வொன்றும் காதில் விழும்போது, இன்னும் எத்தனை நாளில் சரியானதைச் சொல்லிவிடுவார்களோ என்று கணக்குப் போடுவேன்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் மட்டும் காட்டினேன். நல்ல மனிதர். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தார். வெள்ளைக்கார டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே எலும்பு இல்லை, வெறும் சதைதான், திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்றார். உங்கள் மேடை அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு மத்தியானம் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைக் கட்டில் ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வர்றீங்களா மாப்ளே?" என்று மட்டும் கேட்டீர்கள். உங்கள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதுதான் என்னை இன்னும் அரித்தது. முடிவு பண்ணிவிட்டாரே, என்ன முடிவு? கேட்காமலே உங்கள் பின்னால் வந்தேன். நீங்களும் சொல்லவில்லை.

சங்கக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்கள் வந்திருந்தார்கள். கடைத்தெருக்காரர்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். நீங்கள் முதலில் பேசினீர்கள். நடக்கிற மீனைப் பற்றிச் சொன்னபோது சிலர் உண்மையிலேயே காது கொடுத்தார்கள்.

அடுத்து எதிர்ப்பக்கத்தவர் எழுந்தார். குரல் மணி மாதிரி. ஒரு பதிகம் பாடி ஆரம்பித்தார். கூட்டம் அவர் கைக்குள் போய்விட்டது. கடைசியில் உங்கள் பக்கம் திரும்பினார்.

"மீன் நடந்தா நடந்துட்டுப் போகட்டும். இவர் வாலைப் பத்திப் பேசறார். நான் கேக்கறது ஒண்ணுதான். வாலோட பொறந்த ஒரு மனுசன், வேணாம், ஒரு பச்சைப் பிள்ளையைக் காட்டுங்க. காட்டிட்டா இந்த ருத்திராட்சத்தை இங்கேயே கழட்டி வச்சிட்டு ஒங்க பின்னாடி வர்றேன்!"

சபை அதிர்ந்தது. நீங்கள் எழுந்தீர்கள். சத்தம் நின்றது.

ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். ஒரு வார்த்தை போதும். உங்கள் வேலை, மரியாதை, இத்தனை வருடம் படித்த படிப்பு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் நின்றது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகூப்பினேன். மனதுக்குள் நான் கதறினேன்: முருகா, இவர் வாயை அடை. என் பிள்ளையைக் காப்பாத்து. இவர் வாயை அடைச்சிரு.

வாயைத் திறந்தீர்கள். மூடினீர்கள். மறுபடி திறந்தீர்கள்.

"சொல்லுங்க வாத்தியாரே! வால் எங்கே?" என்று பின்னாலிருந்து கங்காணி கத்தினார்.

"என்கிட்ட காட்ட ஒண்ணும் இல்ல" என்றீர்கள். முன்வரிசைக்கு மட்டுமே கேட்டிருக்கும். பின்னால் நின்றவர்கள் உங்கள் வாய் அசைந்ததையும் சத்தம் வராததையும்தான் பார்த்தார்கள். நாக்கைக் கட்டிய கதை அங்கே பிறந்ததுதான்.

பிறகு வாழைப்பழம் பறந்தது. பாசார் சந்தையிலிருந்து சீப்புச் சீப்பாக வாங்கி வந்திருக்கிறார்கள். உங்கள் தோளில் ஒன்று, மார்பில் ஒன்று. 'குரங்கு வாத்தியார், குரங்கு வாத்தியார்' என்று சின்னப் பையன்கள் முதல் கத்தினார்கள். நீங்கள் குனிந்து துண்டை எடுத்துக்கொண்டு, எதிரில் இருந்தவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கி வந்தீர்கள்.

ஆற்றோரமாக ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். உங்கள் சட்டையில் பழம் நசுங்கி ஒட்டியிருந்தது.

"ஏன் மச்சான் சொல்லல?"

"நான் சொல்லக்கூடாதுன்னுதானே அங்க உக்காந்து கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்க? ஒங்க மூஞ்சியப் பாத்தேனே. இப்ப ஏன்னு கேக்கறீங்க."

பாலத்துக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

"நான் தேடிக்கிட்டு இருந்தது சாட்சி, மாப்ளே. அங்க கட்டில்ல கெடக்கிறது என் மருமக."

அவ்வளவுதான் சொன்னீர்கள். திங்கட்கிழமை பிள்ளையைக் கத்தி வைக்க உள்ளே கொண்டுபோனபோது அஞ்சலை உங்கள் தோளில்தான் சாய்ந்து அழுதாள்.

கொடுத்த வாக்குப்படி பள்ளிக்கூடத்தை விட்டீர்கள். உங்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அன்று சுவரோரம் நின்றிருந்த மளிகைக்கடை ராவுத்தர் தேடி வந்தார். "ஆதம் நபியோட மக்கள் நாம. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நீங்க மேடையில பேசுனது அத்தனையும் தப்பு வாத்தியாரே. கடையில ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?" என்றார். அவர் கடை மாடியிலேயே கடைசிவரை இருந்தீர்கள். நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் பந்தி பரிமாறியதையும், கடை மூடியபின் நீங்கள் இரண்டு பேரும் ஆதமைப் பற்றித் தொண்டை வற்றச் சண்டை போட்டதையும் ராவுத்தர் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வள்ளி மரத்துக்கு மரம் தாவுகிற பிள்ளையாக வளர்ந்தாள். லயத்தில் எல்லாரும் அவளைக் 'கொரங்குக் குட்டி' என்று கொஞ்சுவார்கள். எல்லாப் பிள்ளைகளையும் அப்படிக் கொஞ்சுவது வழக்கம்தானே. உங்கள் வாயிலிருந்து மட்டும் அந்த வார்த்தை ஒருநாளும் வந்ததில்லை. இதை அஞ்சலை நீங்கள் போன பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

காய்ச்சல் கண்டு அதே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் முடியவில்லை, ஜப்பான்காரன் சண்டை இன்னும் வரவில்லை. உங்கள் நெற்றியில் நான் திருநீறு பூசினேன். வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தீர்கள். தெரிந்தேதான் பூசினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. வெறும் நெற்றியோடு உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அஞ்சலை வள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாப்பிள்ளையிடம் வள்ளியே சொன்னாள். இன்று அவளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரன் ஒருவனும் பிறந்துவிட்டான். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

இனிக் கோயிலுக்கு வருகிறேன்.

வள்ளி எழுந்து நின்றாள் என்றேனா? பேச்சாளர் ஏதோ சந்தேகம் கேட்கிறாள் என்று நினைத்து, "சொல்லுங்கம்மா" என்றார்.

"அந்த வாத்தியார் எங்க மாமா" என்றாள். "வாலோட ஒரு பிள்ளையைக் காட்டச் சொன்னாங்க. அந்தப் பிள்ளை அன்னிக்கு அதே டவுன்ல, ஆஸ்பத்திரியில இருந்துச்சு. அது நான்தான்."

மச்சான், இத்தனை வருடம் பொத்திவைத்த பயம் ஒரே நொடியில் திரும்பி வந்தது. கங்காணி என்றோ போய்விட்டார். காத்தாயி அக்கா இல்லை. ஆனாலும் நான் கதவு இருக்கிற பக்கம் பார்த்தேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதுபோல. பாட்டியாகிவிட்டவளைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது?

முன்வரிசையில் ஒரு கிழவி, "இப்ப எங்கம்மா அது?" என்று கேட்டார்.

"அப்பவே எடுத்தாச்சு ஆயா."

"வலிச்சுதா?"

"ஞாபகம் இல்ல ஆயா."

சிலர் சிரித்தார்கள். கேலி இல்லாத சிரிப்பு. பேச்சாளர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, "அதுவும் ஆண்டவன் செயல்தாம்மா" என்றார்.

"இருக்கட்டும் சாமி. நானும் அவனைக் கும்பிடத்தான் வந்திருக்கேன். ஆனா எங்க மாமா நாக்கை யாரும் கட்டல. எனக்காக அவரே அடக்கிக்கிட்டாரு. இனிமே கதை சொன்னா இதையும் சேர்த்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். பூஜைக்கு மணி அடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் வேண்டினேனே, அதை வள்ளியிடம் இதுவரை சொன்னதில்லை. வாயை அடை என்று கேட்டேன். வாய் அடைத்தது. அப்படியானால் அந்தச் சின்னப் பேச்சாளர் சொன்னதில் பாதி சரியா? அல்லது நான் கேட்காமலே இருந்திருந்தாலும் நீங்கள் பேசியிருக்க மாட்டீர்களா? பிள்ளையைக் கட்டில் ஓரத்தில் நின்று பார்த்தபோதே முடிவாகிவிட்டதா? அந்த இரக்கத்தை உங்களுக்குள் வைத்தது யார், மச்சான்? கோடி வருடம் குட்டியைச் சுமந்த ஏதோ ஒன்றிலிருந்து வந்தது என்பீர்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நீங்களும் விடமாட்டீர்கள்.

எனக்கும் வயதாகிவிட்டது. சீக்கிரம் வந்துவிடுவேன். அங்கே ஒரு இடம் இருந்து, அதில் நீங்களும் இருந்தால், ஜெயித்தது நான்தான் என்று நமக்கு இரண்டு பேருக்குமே தெரிந்துவிடும். அப்படி நடந்தால் ஒரு வாக்குத் தருகிறேன்: உங்களைப் பார்த்ததும் நலம் மட்டும் விசாரிப்பேன். ஜெயித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன், வள்ளியின் அப்பன்,
மாணிக்கம்